முதல்வராக இருந்தபோதே தெரிந்ததா? மாநிலத்தை ஆண்டவர்கள் பிரதமரான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மக்களவைத் தேர்தலுக்கு முன்பும் இந்தப் பேச்சு வரும். "அவர் மாநிலத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள், டெல்லியிலும் அதைத்தான் செய்வார்" என்பார் ஒருவர். "மாநிலம் வேறு, நாடு வேறு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பாதி சரி. நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கட்சி சார்ந்த தீர்ப்பு எதையும் இதில் தேட வேண்டாம்.

இந்தியப் பிரதமர்களில் முதல்வராக இருந்தவர்கள் எத்தனை பேர்?

ஆறு பேர். மொரார்ஜி தேசாய் (பம்பாய் மாநிலம்), சரண் சிங், வி.பி. சிங் (இருவரும் உத்தரப் பிரதேசம்), பி.வி. நரசிம்ம ராவ் (ஆந்திரப் பிரதேசம்), தேவ கௌடா (கர்நாடகம்), நரேந்திர மோடி (குஜராத்). நேரு, சாஸ்திரி, இந்திரா, ராஜீவ், சந்திரசேகர், குஜ்ரால், வாஜ்பாய், மன்மோகன் சிங் யாரும் முதல்வராக இருந்ததில்லை.

அந்த ஆறு பேரில் ஐந்தாண்டு முழுதாக ஆண்டவர்கள் ராவும் மோடியும் மட்டும்தான். மாநில அனுபவம் இருந்தால் டெல்லியில் நிலைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, மாநில ஆட்சியைப் பார்த்து டெல்லி ஆட்சியைக் கணிக்க முடியுமா?

முடியும், ஆனால் பார்க்க வேண்டிய இடம் வேறு. நாம் வழக்கமாகத் திட்டங்களின் பட்டியலைப் பார்க்கிறோம்: எத்தனை சாலை, எத்தனை பள்ளி, எவ்வளவு முதலீடு. நான் தேடிப் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த முதல்வரிடம் யாராவது "முடியாது" என்று சொன்ன நாளில் அவர் என்ன செய்தார்? அது சட்டமன்றமாக இருக்கலாம், நீதிமன்றமாக இருக்கலாம், சொந்தக் கட்சியாகவோ தெருவில் இறங்கிய கூட்டமாகவோ இருக்கலாம். அன்றைக்கு அவர் உண்ணாவிரதம் இருந்தாரா, நாற்காலியை உதறினாரா, பேசிச் சமாளித்தாரா, மக்களிடம் நேராகப் போனாரா? அந்தப் பழக்கம்தான் டெல்லிக்குக் கூடவே போகிறது.

இன்னொன்றும் உண்டு. முதல்வர் பதவிக்கும் பிரதமர் பதவிக்கும் நடுவில் எவ்வளவு காலம் போனது என்று பாருங்கள். நாற்றங்காலில் பறித்த நாற்றை அன்றே நட்டால், பழைய மண் வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். தேவ கௌடாவும் மோடியும் அப்படி முதல்வர் நாற்காலியிலிருந்து நேராகப் போனவர்கள். நரசிம்ம ராவ் முதல்வர் பதவியை இழந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்துப் பிரதமரானார். அவரிடம் பழைய ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

திட்டங்களைப் பார்த்தால் ஏன் போதாது?

ஏனென்றால் திட்டங்களுக்குக் கால் உண்டு. போட்ட தலைவர் ஊரிலேயே இருக்க, திட்டம் மட்டும் டெல்லி போய்விடும்.

காமராஜர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தார். மத்திய அரசின் மதிய உணவுத் திட்டம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், நரசிம்ம ராவ் ஆட்சியில். மகாராஷ்டிரம் 1970-களிலேயே வேலை உறுதித் திட்டத்தை நடத்தியது, நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல்தான் வந்தது. தெலங்கானாவில் கே. சந்திரசேகர ராவ் 2018-ல் விவசாயிகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் 'ரைத்து பந்து' கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் 'பி.எம். கிசான்' அறிவிக்கப்பட்டது. அவரோ தேசிய அரசியலுக்குப் போவதற்காக 2022-ல் கட்சியின் பெயரில் இருந்த தெலங்கானாவை எடுத்துவிட்டு பாரத்தைச் சேர்த்தார், 2023-ல் மாநிலத்தையே இழந்தார். திட்டம் அவருக்கு முன்பே டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டது.

மொரார்ஜி தேசாயின் பம்பாய் ஆட்சியில் என்ன முன்னோட்டம் இருந்தது?

பிடிவாதம். அவர் 1946 முதல் பம்பாயின் உள்துறை, வருவாய்த்துறை அமைச்சர், 1952 முதல் 1956 வரை முதல்வர். பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-ல் அவருடைய காலத்தில் வந்தது. எவ்வளவு கறாரான சட்டம் என்றால், சாராயச் சத்து கலந்த மருந்துகளும் ஒப்பனைப் பொருள்களும்கூட அதற்குள் மாட்டிக்கொண்டன. 1951-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதிகளை மட்டும் வெட்டியெறிந்தது. 1977-ல் ஜனதா கட்சி ஆட்சியில் பிரதமரானதும் நான்கு ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் மதுவிலக்கு என்று இலக்கு வைத்தார். நடுவில் நிதியமைச்சராக இருந்தபோது, 1963-ல், 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். பொற்கொல்லர்கள் தொழிலிழந்து தவித்தார்கள். தனக்குச் சரி என்று பட்டதை ஊரே செய்ய வேண்டும் என்ற அதே மனசு.

எதிர்ப்பு வந்தபோது என்ன செய்தார் என்பதுதான் இன்னும் சுவையானது. 1956 ஆகஸ்டில் தனி குஜராத் கேட்டு அகமதாபாத் கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. முதல்வர் பேசப் போன கூட்டத்தை மக்கள் புறக்கணித்தார்கள், 'ஜனதா ஊரடங்கு' என்று வீட்டுக்குள் இருந்துகொண்டார்கள். மொரார்ஜி உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஆளும் முதல்வர், தன் மக்களுக்கு எதிராக உண்ணாவிரதம்! பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1974-ல் குஜராத் சட்டமன்றத்தைக் கலைக்கச் சொல்லியும், 1975-ல் அங்கே தேர்தல் நடத்தச் சொல்லியும் இந்திரா காந்திக்கு எதிராக இருந்ததும் அதே ஆயுதம்தான். இரண்டாவது உண்ணாவிரதத்தால் குஜராத்துக்குத் தேர்தல் வந்தது, காங்கிரஸ் தோற்றது, தேசிய அரசியலின் திசையே கொஞ்சம் திரும்பியது.

அப்படியென்றால் அவரைப் பற்றிய கணிப்பு எல்லாம் பலித்ததா?

இல்லை. பம்பாயில், நகரத்தையும் சேர்த்து மராத்தியர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட ஐக்கிய மகாராஷ்டிரப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், முக்கியமான காலத்தில் முதல்வர் மொரார்ஜி. அதை வைத்து 1977-ல் யாராவது "இவர் பிரதமரானால் கெடுபிடி ஆட்சிதான்" என்று எழுதியிருந்தால் தப்பாகப் போயிருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் செய்யப்பட்ட அரசியல் சட்டத் திருத்தங்களில் பலவற்றை 44-வது திருத்தம் மூலம் பின்வாங்கியது அவர் அரசுதான். உள்நாட்டுக் குழப்பம் என்று மேலோட்டமாகச் சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாதபடி, 'ஆயுதமேந்திய கிளர்ச்சி' என்று சொல்லை மாற்றினார்கள். நடுவில் என்ன நடந்தது? நெருக்கடி நிலையில் சுமார் 19 மாதம் அவரே சிறையில் இருந்தார். நான் சொன்ன இடைவெளி என்பது இதுதான்.

சரண் சிங் பிரதமராகி நாடாளுமன்றத்தையே சந்திக்கவில்லையே, அதற்கும் முன்னோட்டம் உண்டா?

இவ்வளவு துல்லியமான ஒத்திகை வேறு யாருக்கும் கிடையாது.

முதலில் நல்ல பக்கம். ஜமீன்தாரி ஒழிப்புக்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தின் வருவாய்த்துறை அவரிடம் இருந்தது. அங்கே கிராம நிலக் கணக்கை எழுதுகிறவர் பட்வாரி, நம் ஊர் கர்ணம் மாதிரி. யார் நிலம் யார் பெயரில் என்பது அவர் பேனா முனையில். 1953-ல் கோரிக்கைகளை வைத்து சுமார் 27,000 பட்வாரிகள் மொத்தமாக ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். அரசு பணிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். சரண் சிங் அத்தனை கடிதங்களையும் ஏற்றுக்கொண்டார்! 'லேக்பால்' என்று புதுப் பதவி உண்டாக்கி புது ஆட்களை எடுத்தார். (எம்.ஜி.ஆர். 1980-ல் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் கனம் புரியும்.) சொல்லை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தும் இந்தக் குணம் அவரை விட்டுப் போகவே இல்லை.

இப்போது மறுபக்கம். 1967-ல் சி.பி. குப்தா தலைமையில் காங்கிரஸ் அரசு அமைந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, சரண் சிங் தன் ஆதரவு எம்.எல்.ஏ.க்களோடு வெளியேறினார். அரசு கவிழ்ந்தது, எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு அவரே முதல்வரானார். ஒரு வருடம் தாங்கவில்லை. 1970-ல் மறுபடி முதல்வர், இம்முறை இந்திரா தலைமையிலான காங்கிரஸின் ஆதரவோடு. சில மாதங்களில் ஆதரவு போனது, குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அப்போது வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த வி.வி. கிரி கீவ் நகரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது 1979-க்கு வாருங்கள். ஜனதா அரசிலிருந்து சரண் சிங் வெளியேறினார், மொரார்ஜி அரசு போனது. இந்திரா காங்கிரஸின் ஆதரவோடு ஜூலை 28-ல் பிரதமரானார். ஆகஸ்ட் 20-ல் நம்பிக்கை வாக்கெடுப்பு. அதற்குள் ஆதரவு போய்விட்டது, நாடாளுமன்றத்துக்குப் போகாமலே ராஜினாமா செய்தார். லக்னோவில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த அதே நாடகம், அதே அம்மையார், மேடை மட்டும் பெரிது. 1970-ஐ நேரில் பார்த்தவர் 1979-ல் எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பிரதமர் நாற்காலி கண்ணுக்கு முன்னால் இருந்தால் பாடம் மறந்துபோகும் போல.

வி.பி. சிங்?

ராஜினாமா என்பது அவர் கையில் இருந்த அரசியல் கருவி. 1980-ல் உத்தரப் பிரதேச முதல்வரானார். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளைக் கும்பல்கள் தலைவிரித்தாடிய காலம், 1981-ல் பெஹ்மாய் கிராமத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1982-ல் நீதிபதியாக இருந்த அவருடைய அண்ணனையே கொள்ளையர்கள் கொன்றார்கள். படுகொலைகள் தொடர, பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். 1987-ல் பாதுகாப்பு அமைச்சர் பதவியையும் அப்படியே விட்டார், அந்த விலகல்தான் அவரை இரண்டு ஆண்டுகளில் பிரதமராக்கியது. ஒரு வித்தியாசம்: பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் இடஒதுக்கீடு என்ற மண்டல் அறிவிப்புக்குப் பிறகு, 1990-ல் அவர் முன்கூட்டியே விலகவில்லை. தோற்பது உறுதி என்று தெரிந்தும் வாக்கெடுப்பைச் சந்தித்துத் தோற்றார்.

நரசிம்ம ராவ் ஆந்திராவில் தோற்றவர்தானே, அவரிடம் என்ன முன்னோட்டம்?

எனக்குப் பிடித்த உதாரணம் இவர்தான், ஏனென்றால் இங்கே முன்னோட்டம் தலைகீழாக வருகிறது.

1971 செப்டம்பரில் முதல்வரானார். ஆந்திரக் காங்கிரஸ் என்றால் அன்று நிலம் வைத்திருந்தவர்களின் கட்சி. அந்தக் கட்சியின் முதல்வர் நில உச்சவரம்பைக் கையில் எடுத்தார். எல்லோருக்கும் தெரியும்படி, வேகமாக, முன்வாசல் வழியாக. நிலக்காரர்கள் காத்திருந்தார்கள். 1972 அக்டோபரில் முல்கி விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தெலங்கானா பகுதியில் அரசு வேலை உள்ளூர்க்காரர்களுக்கே என்ற பழைய நிஜாம் காலத்து விதி அது. கடலோர ஆந்திரா கொதித்தது, 'ஜெய் ஆந்திரா' போராட்டம் வெடித்தது. தெலங்கானாக்காரரான முதல்வருக்கு நிற்க இடமில்லை. 1973 ஜனவரியில் பதவி போனது.

அந்த ஆள் 1991-ல் பெரும்பான்மை இல்லாத அரசுக்குப் பிரதமரானார். அந்நியச் செலாவணி கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலை. ஜூலை 24-ஐப் பாருங்கள். அன்று பட்ஜெட் நாள், பத்திரிகையாளர்கள் எல்லோரும் மன்மோகன் சிங்குக்காகக் காத்திருந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பு, தொழில்துறை இணை அமைச்சர் பி.ஜே. குரியன் ஓர் அறிக்கையை மக்களவையில் வைத்தார். தொழில்துறை பிரதமரின் கையிலேயே இருந்தது, ஆனாலும் அவர் எழுந்து பேசவில்லை. தொழில் தொடங்க அரசின் அனுமதி வேண்டும் என்ற நாற்பது வருட லைசென்ஸ் முறையை அந்தத் தாள்தான், 18 தொழில்கள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும், ரத்து செய்தது. அதுவும் எப்படித் தொடங்குகிறது? நேருவின் புகழ் பாடித் தொடங்குகிறது! மறுநாள் செய்தியெல்லாம் பட்ஜெட்டைப் பற்றி.

ஹைதராபாத்தில் முன்வாசல் வழியாகப் போய் அடி வாங்கியவர், டெல்லியில் பின்வாசல் வழியாகப் போனார். அந்தப் பதுங்கலுக்கு விலையும் உண்டு. 1992 டிசம்பர் 6-ல், பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளில், பொறுத்திருந்து பார்க்கும் அதே குணம் அவரையும் நாட்டையும் கைவிட்டது. ஒரே பழக்கம், ஓரிடத்தில் சாமர்த்தியம், இன்னோரிடத்தில் பெரும்பிழை.

திட்ட அளவிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. நல்கொண்டா மாவட்டத்தில் சர்வேல் என்ற ஊரில் 1971-ல் கிராமப்புறப் பிள்ளைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளி ஒன்று அவர் முயற்சியில் தொடங்கியது. 1980-களின் நடுவில் மத்திய மனிதவள அமைச்சரானபோது அதே எண்ணம் நவோதயா பள்ளிகளாக நாடெங்கும் போனது. தமிழ்நாட்டுக்கு மட்டும் வரவில்லை. மொழிக் கொள்கைதான் காரணம், அது தனிக் கதை.

தேவ கௌடா பத்து மாதம்தானே இருந்தார்?

ஆமாம், 1996 ஜூன் முதல் 1997 ஏப்ரல் வரை. ஆனாலும் அவர் யார் என்பது அந்தப் பத்து மாதத்திலேயே தெரிந்தது. கர்நாடகத்தில் பாசனமும் பொதுப்பணியும்தான் அவருடைய துறை. பிரதமரானதும் பாதியில் நின்ற அணைகளையும் கால்வாய்களையும் முடிக்க மத்திய நிதி கொடுக்கும் விரைவுபடுத்தப்பட்ட பாசனப் பயன் திட்டம் 1996-97-ல் வந்தது. 1996 டிசம்பர் 12-ல் வங்கதேசத்தோடு கங்கை நீர்ப் பங்கீட்டுக்கு 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. காவிரியில் தமிழ்நாட்டோடு மல்லுக்கு நின்ற மாநிலத்தின் முதல்வர், கங்கையில் பக்கத்து நாட்டோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தார். மேல்மடைக்காரனுக்குக் கீழ்மடைக்காரனின் கணக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம், நம் ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ.

மோடியின் குஜராத் ஆட்சியில் எவையெல்லாம் டெல்லிக்கு அப்படியே வந்தன?

நடைமுறைகளில் நிறைய. 2003-ல் குஜராத்தில் 'ஸ்வாகத்' என்ற ஏற்பாடு தொடங்கியது. மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை முதல்வர் காணொளியில் உட்காருவார், மறுமுனையில் மாவட்ட ஆட்சியர்கள், மக்களின் புகார் எடுத்துப் பேசப்படும். 2015-ல் டெல்லியில் 'பிரகதி' தொடங்கியது. நான்காவது புதன்கிழமை, பிரதமர், மறுமுனையில் மாநிலத் தலைமைச் செயலாளர்கள். கிழமைகூட ஒருநாள்தான் தள்ளி! விவசாயத்துக்கும் வீடுகளுக்கும் தனித்தனி மின்பாதை போட்ட 'ஜோதிகிராம்', மத்திய அரசின் கிராம ஜோதித் திட்டமாக ஆனது. பி.கே. மிஸ்ரா, ஹஸ்முக் ஆதியா போன்று குஜராத்தில் கூட இருந்த அதிகாரிகள் டெல்லியில் முக்கியமான இடங்களுக்கு வந்தார்கள். அமைச்சர்களைவிட அதிகாரிகள் வழியாக வேலை வாங்கும் முறையும் அவர்களோடு வந்தது.

"முடியாது" என்று சொன்னபோது? 2002-ல் கோத்ரா ரயில் எரிப்பைத் தொடர்ந்த கலவரத்தில் அரசுக் கணக்குப்படியே ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் கண்டனம், பதவி விலகச் சொல்லி எதிர்க்கட்சிகள். (பின்னாளில் சிறப்புப் புலனாய்வுக் குழு அவர்மீது வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்றது, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அரசு தன் கடமையைச் செய்யவில்லை என்ற விமர்சனம் மட்டும் ஓயவில்லை.) அவர் ஜூலையில் சட்டமன்றத்தைக் கலைத்தார், செப்டம்பரில் 'கௌரவ யாத்திரை' கிளம்பினார். தன்மீது வந்த கண்டனத்தை "5 கோடி குஜராத்திகள்"மீது வந்த அவமதிப்பாக மேடைகளில் மாற்றினார். டிசம்பரில் 182-ல் 127 இடம். இடையில் நிற்கும் பத்திரிகை, எதிர்க்கட்சி, நிறுவனங்கள் எல்லாவற்றையும் தாண்டி நேராக மக்களிடம் போவது. பிற்பாடு "130 கோடி இந்தியர்கள்" என்று கேட்டபோது குஜராத்தைக் கவனித்தவர்களுக்கு அது புதிதாகப் படவில்லை. ஆதரவாளர்கள் இதை மக்களோடு நேரடி உறவு என்பார்கள், விமர்சகர்கள் நிறுவனங்களை ஓரங்கட்டுவது என்பார்கள். இரண்டு தரப்பும் பார்ப்பது ஒரே பழக்கத்தைத்தான்.

குஜராத் ஏட்டில் இல்லாத பாடமும் ஒன்று உண்டு: கூட்டணி. 2002, 2007, 2012 மூன்றிலும் தனிப் பெரும்பான்மை. 2024-ல் 240 இடத்தோடு தெலுங்கு தேசத்தையும் ஐக்கிய ஜனதா தளத்தையும் நம்பி ஆட்சி நடத்த வேண்டிவந்தபோது, இருபது ஆண்டு ஆட்சி அனுபவத்தில் முதல் முறையாகப் புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தது.

முதல்வராக எதிர்த்ததையே பிரதமரானதும் செய்கிறார்களே, அது முரண் இல்லையா?

நாற்காலி பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி நல்ல உதாரணம். அந்த வரி, பொருளை வாங்கிப் பயன்படுத்தும் மாநிலத்துக்குப் போகிறது, தயாரிக்கும் மாநிலத்துக்கு அல்ல. அதனால் தயாரிக்கும் மாநிலங்களான குஜராத்தும் தமிழ்நாடும் எதிர்த்தன. குஜராத் முதல்வர் பிரதமரானார், 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, மாநிலங்களின் இழப்புக்கு ஐந்தாண்டு ஈட்டுத்தொகை என்று பேசி முடித்தார்கள். முதல்வரின் கஜானாக் கணக்கு வேறு, பிரதமரின் கஜானாக் கணக்கு வேறு.

ஓர் உபரித் தகவல்: ஜிஎஸ்டி விழுங்கிய பொது விற்பனை வரி பிறந்ததே சென்னை மாகாணத்தில்தான். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி கொண்டுவந்தார்.

ஆகவே, ஒரு முதல்வர் "மாநில உரிமை" என்று பேசுவதை வைத்து, பிரதமரானால் மாநிலங்களுக்கு அள்ளிக் கொடுப்பார் என்று எண்ண வேண்டாம்.

மாநிலத்தில் சோதிக்கவே முடியாத விஷயங்கள் எவை?

வெளியுறவு, ராணுவம், ரூபாய். இவை மூன்றும் முதல்வரின் மேசைக்கு வருவதே இல்லை. அப்புறம் ஒன்று: முதல்வருக்கு மேலே எப்போதும் ஆளுநரும், மாநில அரசை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356-வது பிரிவும் உண்டு, கடன் வாங்கவே டெல்லியின் சம்மதம் வேண்டும். பிரதமருக்கு மேலே அப்படி யாரும் இல்லை. மேலே ஆள் இருக்கும்போது அடக்கமாக இருந்தவர் மேலே யாரும் இல்லாதபோது எப்படி இருப்பார் என்பதை மாநில ஆட்சி காட்டாது.

காமராஜர் பிரதமராகவில்லை. அவரை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். நாட்டுக்கு இரண்டு பிரதமர்களைத் தேர்ந்து கொடுத்தவர்.

1954-ல் ராஜாஜி விலகியதும் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். காமராஜர் ஜெயித்தார். எட்டே பேர் கொண்ட சின்ன அமைச்சரவை. அதில் அந்த இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தார்! தோற்றவரை வெளியே நிறுத்தினால் கோஷ்டி வளரும், உள்ளே வைத்தால் வேலை நடக்கும். அவரிடம் யார் என்ன கேட்டு வந்தாலும் "பார்க்கலாம்" என்பார். கையில் இருப்பதைக் கடைசிவரை காட்டாத சொல் அது.

1964-ல் நேரு இறந்தபோது அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர் அவர். மொரார்ஜி போட்டிக்குத் தயாராக இருந்தார். காமராஜர் வாக்கெடுப்பு வைக்கவில்லை, எம்.பி.க்களையும் முதல்வர்களையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டார், பிறகு "பொதுக் கருத்து சாஸ்திரிக்குத்தான்" என்று அறிவித்தார். சென்னையில் பழகிய அதே கை. 1966-ல் மொரார்ஜி விடவில்லை, வாக்கெடுப்பு நடந்தது, இந்திரா 355, மொரார்ஜி 169.

அந்த முறை எங்கே உடைந்தது என்பதும் தெரிந்ததுதான். எல்லோரையும் உள்ளே வைத்து நடத்தும் வித்தைக்கு, உள்ளே இருப்பவர்கள் வெளியே போக விரும்பாமல் இருக்க வேண்டும். 1969-ல் இந்திரா கட்சியையே உடைக்கத் தயாரானபோது "பார்க்கலாம்" என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

முதல்வராக இல்லாத தலைவர்களுக்கு எதைப் பார்ப்பது?

நகராட்சியைப் பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1920-களில் நேரு அலகாபாத் நகராட்சித் தலைவர், படேல் அகமதாபாத் நகராட்சித் தலைவர். நேரு இரண்டு ஆண்டில் விட்டுவிட்டு வந்தார். படேல் 1924 முதல் 1928 வரை இருந்து சாக்கடை, குடிநீர், 1927 வெள்ள நிவாரணம் என்று இறங்கி வேலை பார்த்தார். ஐநூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்களை யார் இணைப்பார் என்ற கேள்விக்கான விடை அங்கேயே கொஞ்சம் கிடந்தது.

இப்போது ஒரு முதல்வரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எங்கே ஆரம்பிப்பது?

விளம்பரப் பக்கத்தை மடித்து வையுங்கள். சட்டமன்றம் வருடத்துக்கு எத்தனை நாள் கூடியது, எத்தனை சட்டம் விவாதமே இல்லாமல் ஒரே நாளில் நிறைவேறியது, எத்தனை அவசரச் சட்டம் போட்டார் என்று எண்ணுங்கள். உயர் நீதிமன்றம் ஓர் அரசாணையை ரத்து செய்தால், மறுவாரம் திருத்தி எழுதினாரா, மேல்முறையீடு போனாரா, பழைய ஆணையையே வேறு பெயரில் கொண்டுவந்தாரா? கட்சிக்குள் தன்னை எதிர்த்துப் போட்டியிட்டவர் இப்போது எங்கே இருக்கிறார்? மாவட்ட ஆட்சியர்கள் ஓரிடத்தில் எத்தனை மாதம் நிலைக்கிறார்கள்? இடைத்தேர்தலில் தோற்ற மறுநாள் பத்திரிகையாளர்களைச் சந்தித்தாரா?

இதெல்லாம் பெரும்பாலும் உள்ளூர்ப் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில், ஒற்றைப் பத்திச் செய்தியாகத்தான் வரும். வெட்டி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கலாம்.